ஜப்பான் சீத்தை வராமற்போன வருடம்

யாராவது என் முன்னால் சாம்ராச்சியத்தின் நீதி, வெள்ளைக்காரன் காலத்து ஒழுங்கு என்று வாய் திறந்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். வயது போய்விட்டது, பிரஷர் இருக்கிறது, சும்மா இருங்கோ அம்மா என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். சும்மா இருக்கிறதென்றால் நான் அந்தச் சட்டத்தை மறந்திருக்க வேண்டும். மறக்கவில்லை. ஜப்பான் துணி இலங்கைக்குள் இவ்வளவுக்கு மேல் வரக் கூடாது என்று லண்டனில் இருந்து கட்டளை போட்டார்களே, அதைத்தான் சொல்கிறேன். என் பேரப்பிள்ளைகளின் சரித்திரப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன், அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

அப்போது நாங்கள் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் நடுவே ஓர் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரர் கஸ்டம்ஸில் கிளாக்கர். அரசாங்க உத்தியோகம் என்றால் யாழ்ப்பாணத்தில் மாப்பிள்ளையின் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கூடப் பார்க்க மாட்டார்கள். எனக்கும் அப்படித்தான் கட்டிவைத்தார்கள். நல்ல மனுசன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கந்தோர்க் கடதாசியில் எது எழுதியிருக்கிறதோ அதுதான் அவருக்கு உலகம். சீதனத்தோடு வந்த தையல் மெஷின் ஒன்று என்னிடம் இருந்தது, கையால் சுற்றுகிறது. அவர் கந்தோருக்குப் போனபிறகு நாள் முழுக்க என்ன செய்கிறது? அக்கம்பக்கத்துக்குத் தைத்துக் கொடுப்பேன்.

எங்கள் ஒழுங்கைக்குத் துணி கொண்டுவருகிறவர் ஒரு முஸ்லிம் வியாபாரி. நானா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கொட்டாஞ்சேனையில் குடியிருந்தார். புறக்கோட்டையில் ஒரு மொத்தக்கடை முதலாளியிடம் துணி எடுத்து, பெரிய மூட்டையாகக் கட்டி, வீடு வீடாக வருவார். முதலில் அந்த மூட்டைக்குள் இருந்ததெல்லாம் இங்கிலாந்துத் துணி. ஓரத்தில் நீல முத்திரை, மேலே தங்க நிறக் கடதாசி. நாங்கள் தொட்டுப் பார்ப்போம், விலையைக் கேட்போம், பிறகு தொட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறவர்கள் மாதிரி மடித்து வைத்துவிடுவோம்.

பிறகு ஒரு நாள் அவர் மூட்டையை அவிழ்த்தபோது விறாந்தை முழுக்கப் பூவாக விரிந்தது. ஜப்பான் சீத்தை, அச்சடித்த பருத்தித் துணி. சின்னப் பூ, பெரிய பூ, கோடு போட்டது, பட்டு மாதிரி மினுங்குகிறது.

"புடிச்சுப் பாருங்க தங்கச்சி, வெல கேட்டா நம்ப மாட்டீங்க" என்றார் நானா.

நான் நம்பவில்லைதான். இங்கிலாந்துச் சீத்தையின் பாதி விலை கூட இல்லை. வெள்ளவத்தையில் இருந்த பெரிய மனுசிகள் முகத்தைச் சுளித்தார்கள். ஜப்பான் சாமான், ஒரு தோய்ச்சலுக்குத் தாங்காது என்றார்கள். எனக்கு யாராவது ஒன்றைத் தாங்காது என்று சொன்னால் செய்துபார்க்காமல் விட முடியாது. வாங்கித் தோய்த்தேன், கல்லில் அடித்தேன், வெயிலில் போட்டேன். தாங்கியது. முகம் சுளித்த மனுசிகள் பிறகு பின்கதவால் வந்து, வேலைக்காரிக்குத்தான் என்று சொல்லி இரண்டு இரண்டாகத் தைப்பித்துக்கொண்டு போனார்கள். வேலைக்காரிக்கு எதற்கடி கழுத்தில் லேஸ் என்று நான் கேட்கவில்லை.

எப்படி இவ்வளவு மலிவு என்று நானாவிடம் கேட்டேன். அவர் படித்தவர் அல்ல, ஆனால் அவர் சொன்னது எனக்கு இன்றுவரை எந்தப் பேப்பர் சொன்னதையும் விட நன்றாக விளங்கியது. முன்பு துணி வந்தது கோட்டைப் பகுதியில் உள்ள வெள்ளைக்காரக் கம்பனி வழியாக, வெள்ளைக்கார பேங்கின் பணத்தில், வெள்ளைக்காரக் கப்பலில். ஒவ்வொரு படியிலும் ஒரு கை கமிஷன் கிள்ளும். இப்போது ஜப்பான்காரன் தன்னுடைய கப்பலில் கொண்டுவந்து, தானே கோட்டையில் மாடியில் ஒரு கந்தோர் திறந்து, புறக்கோட்டை முதலாளிகளுக்கு நேரே கொடுத்தான். துணி விற்றபிறகு காசு கொடு என்று தவணையும் கொடுத்தான்.

"கதிர போட்டு இருத்துறான் தங்கச்சி, தேத்தண்ணி தாறான்" என்றார் நானா. "எங்கட மொதலாளி வாப்பாட காலத்துல இருந்து அந்த பேங்குக்குப் போற. ஒரு நாளைக்காவது இரிங்க எண்டு சொன்னதில்ல."

எங்கள் ஆளைக் கதிரையில் இருக்கவைத்ததைப் பொறுக்க முடியாமல்தான் சட்டம் வந்தது என்று நான் சொல்வேன். என் வீட்டுக்காரர் அப்படியில்லை, பொருளாதாரம் என்பார்.

நானா ஒரு நாள் தன் ஒழுங்கையில் இருந்த ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். என்னைவிட இளையவள், வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள், கணவன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் கைத்தையல் படித்தவள். ஆனால் அவள் செய்துகொண்டிருந்தது மினிரன் கிடங்கில் வேலை. மினிரன் என்று இங்கே சிங்களத்தில் சொல்வது பென்சிலின் நடுவில் இருக்கிறதே, அந்தக் கரி. சுரங்கத்தில் இருந்து வருகிற கட்டிகளைப் பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்து உடைத்து, தேய்த்து, தரம் பிரித்துப் பீப்பாய்களில் போடுவார்கள். அந்தக் கரி கறுப்பும் அல்ல, வெள்ளியும் அல்ல. தோலுக்குள் போய் இருந்துகொள்ளும். முதல் நாள் அவள் என் வீட்டுத் தரையில் இருக்க மாட்டேன் என்று வாசல்படியிலேயே நின்றாள்.

"கோயில் பெஞ்சுல என் கை பட்ட இடம் மினுங்குதுக்கா" என்றாள். "பக்கத்துல இருக்கிறவங்க தள்ளி உக்காருவாங்க."

அவளுடைய கைத்தையலை ஒரு பழந்துணியில் போட்டுக் காட்டச் சொன்னேன். அம்மாடி! மெஷின் தோற்றுப்போகும். கையை வெளுக்கவைத்துக்கொண்டு வா, நான் வெட்டி மெஷினில் ஓட்டுகிறேன், நீ கரை மடித்துப் பொத்தான் துளை தை, வருகிறதில் இருவருக்கும் சரிபாதி என்றேன். அவள் கிடங்கை விட்டாள். எலுமிச்சம்புளி, சாம்பல், கல்லு என்று தேய்த்துத் தேய்த்து, கை பழைய நிறத்துக்கு வர வெகுநாள் எடுத்தது.

எங்கள் வாடிக்கைக்காரர் யார் தெரியுமா? கொட்டாஞ்சேனைப் பெண்கள். கிடங்குப் பெண்கள், தேயிலை பொறுக்குகிற பெண்கள், கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள். அவள் தண்ணீர்க்குழாயடியில் நின்று ஓடர் எடுத்துக்கொண்டு வருவாள். எங்கள் ஊரில் தையல்காரிக்கு நாடாவால் அளவு எடுக்கிற வழக்கம் இல்லை, அளவுச் சட்டை கொடுப்பார்கள். உடம்புக்குப் பிடித்த பழைய சட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டால் அதைப் பார்த்துப் புதியதை வெட்டுவோம். முதல் மாதம் அவள் வெறுங்கையோடு வந்தாள். ஏனடி, அளவுச் சட்டை எங்கே என்று சத்தம் போட்டேன்.

"சட்டையக் குடுத்துட்டா எதைப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போறதுன்னு கேக்குறாங்கக்கா" என்றாள்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஒரே ஒரு சட்டை. அதை இரவில் தோய்த்து ஈரம் காயாமல் காலையில் போடுகிறவர்கள். அளவு கொடுக்க இன்னொரு சட்டை வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. பிறகு அவள் நூலில் முடிச்சுப் போட்டு அளவு கொண்டுவந்தாள், முடிச்சுகளைப் பார்த்து நான் வெட்டினேன்.

ஜப்பான் சீத்தை வந்து ஒரு வருடம் போனதும் முடிச்சு நூல் நின்றது. அளவுச் சட்டைகள் வரத் தொடங்கின. என் அலுமாரியின் கீழ்த்தட்டு நிறைந்தது. ஒவ்வொன்றிலும் மூலையில் அவள் ஒரு நிற நூலால் அடையாளம் தைத்திருப்பாள். அந்தத் தட்டைத் திறந்து பார்க்கிறபோதெல்லாம் எனக்கு ஒரு பெருமை வரும், ஏன் பொய் சொல்ல வேண்டும்? இத்தனை பேருக்கு மாற்றுச் சட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

"என்ன ஆனாலும் இனி அந்தக் கிடங்குக்குள்ள கால் வைக்க மாட்டேன்க்கா" என்பாள் அவள், பல்லால் நூலைக் கடித்துக்கொண்டே. அதை அவள் சொல்லாத கிழமை இல்லை. நான் விடமாட்டேன் என்று நானும் சொல்லுவேன். பெரிய கவர்னர் நான்!

இங்கிலாந்தில், லங்காஷயரில் துணி ஆலைகள் மூடிக்கிடக்கின்றன, ஜப்பான்காரனால்தான் என்று பேப்பர்களில் வரத்தொடங்கியது. ஜப்பான் துணிக்குக் கோட்டா வைக்கப் போகிறார்களாம். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே எனக்கு விளங்கப்படுத்தினார்.

"அவன் தன்ர காசின்ர பெறுமதியைக் குறைச்சு வைச்சிருக்கிறான். கூலியும் குறைவு. அதாலதான் மலிவு. இது நீதியான போட்டி இல்லை."

"லங்காஷயர்காரன் வந்து எங்கட தறியளை முடக்கேக்குள்ள அது நீதியான போட்டியோ?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற? தான் வெல்லேக்குள்ள கதவைத் திற எண்டவன், தோக்கேக்குள்ள கதவைப் பூட்டு எண்டுறான். உங்கட கோட்டு மான்செஸ்டர் எண்டு நிமிர்ந்து நடக்கிறியள், அதுக்குள்ள போட்டிருக்கிற பெனியன் எந்த ஊர்?"

அவர் குனிந்து சோற்றைப் பிசைந்தார். பெனியன் ஜப்பான்.

ஆனால் எனக்குப் பயம் இருக்கவில்லை. ஏனென்றால் அதற்குச் சில வருடங்களுக்கு முன்தான் எங்களுக்கு வோட்டு வந்திருந்தது, பெண்களுக்கும். நல்ல சேலை உடுத்து, குடை பிடித்து, வரிசையில் நின்று வோட்டுப் போட்டவள் நான். அந்த வோட்டில் வந்த அரசாங்க சபை இந்தக் கோட்டாவை எடுத்து விவாதித்தது. வேண்டாம் என்று சொன்னது. எங்கள் ஏழைச் சனத்தின் உடுப்பில் கை வைக்க விடமாட்டோம் என்று உறுப்பினர்கள் பேசியதைப் பேப்பரில் வாசித்துவிட்டு நான் பாயசம் வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானா வந்தார். விறாந்தையில் வீட்டுக்காரர் பேப்பரோடு இருந்தார்.

"ஐயா, ஒரு கத கேக்கோணும். மொதலாளிட கிட்டங்கில ஜப்பான் துணிப் பொதி ஈக்குது. இப்ப எடுத்தா கொஞ்சம் கூட வெல. கோட்டா வந்தா கெடைக்காது எண்டு எல்லாரும் சொல்ற. நான் எடுத்து வெக்கவா?"

வீட்டுக்காரர் சிரித்தார். "சபை வேண்டாம் எண்டு தீர்மானிச்சுப் போட்டுது நானா. இனிச் சட்டம் வராது. பயத்தில விலையை ஏத்தி வைச்சிருக்கிறாங்கள். பொறுங்கோ, இறங்கும்."

கஸ்டம்ஸ் ஐயா சொன்னால் அரசாங்கமே சொன்ன மாதிரி. நானா தலையாட்டிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரரும் ஏமாற்றச் சொல்லவில்லை, முழு மனதோடு நம்பித்தான் சொன்னார். தீர்மானம் போட்டாயிற்று, பதிவாகிவிட்டது, முடிந்தது. அரசாங்க உத்தியோகத்தைச் சாமி மாதிரி வைத்து வளர்த்த எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரால் இப்படி நம்ப முடியும்? வெள்ளைக்காரன் வைத்த சபையை வெள்ளைக்காரன் மதிப்பான் என்று நினைத்தார்.

மதிக்கவில்லை. ராசாவின் பெயரில், லண்டனில் இருந்து, சபையின் தலைக்கு மேலால் கட்டளை வந்தது. அதுவும் எப்படி? ஜப்பான் துணி பெரிதாக வராத பழைய வருடங்களை எடுத்து, அப்போது வந்த அளவுதான் இனியும் வரலாம் என்று வைத்தார்கள். வளர்ந்த பெண்ணுக்குத் தொட்டில் காலத்துச் சட்டையை அளவுக்குக் கொடுத்த மாதிரி. அப்படியானால் நான் எதற்கு அந்த வெயிலில் வரிசையில் நின்றேன்? எங்களிடம் கேட்டுவிட்டு, நாங்கள் சொன்னதைக் காலில் போட்டு மிதிக்கிறதென்றால் கேட்காமலே இருந்திருக்கலாமே!

துறைமுகத்தில் வந்திறங்கிய ஜப்பான் பொதிகள் சுங்கக் கிடங்கிலேயே கிடந்தன. அவற்றை வெளியே விட முடியாது என்று கடதாசி எழுதுகிற மேசை யாருடையது? என் வீட்டுக்காரருடையது. மாலையில் வந்து சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

"நானாவின்ர முதலாளியின்ர பொதியும் அதுக்குள்ள கிடக்குது" என்றார்.

"நீங்கள்தானே விடேல்லை."

"நான் என்னப்பா செய்யிறது? நோட்டீஸில உள்ளதைச் செய்யிறனான். அவங்கள் என்னையும் ஏமாத்திப் போட்டாங்கள்."

அன்றைக்குத்தான் அவர் முதல் தடவையாக அரசாங்கத்தை 'அவங்கள்' என்று சொன்னார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, நாலு கேள்வி கேட்க வேண்டும் போலவும் இருந்தது. கேட்டேன். அவர் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார்.

நானா ஒரு வார்த்தை அவரைக் குற்றம் சொல்லவில்லை. அல்லாஹ் போட்ட வழி என்று சொல்லிவிட்டு, இருந்த துண்டுகளை எனக்குத் தந்தார். அது முடிந்ததும் மூட்டைக்குள் மறுபடி அந்த நீல முத்திரை இங்கிலாந்துத் துணி வந்தது, முன்னையிலும் கூடிய விலையில். வெள்ளவத்தை மனுசிகள் வாங்கினார்கள். கொட்டாஞ்சேனை வாங்குமா? பிறகு நானாவே துணியை விட்டுவிட்டுச் சவர்க்காரமும் பீங்கானும் விற்கப் போனார்.

என்னால் அதைவிடத் தாங்க முடியாதது அளவுச் சட்டைகள் போனதுதான். போட்டிருந்த சட்டைகள் கிழியக் கிழிய, என் அலுமாரியில் கிடந்த பழையதையே திருப்பிக் கேட்டு அனுப்பினார்கள். ஒவ்வொரு முறை வரும்போதும் அவள் தட்டிலிருந்து சிலதை எடுத்து, நிற நூலைப் பார்த்து, இது இன்னாருடையது என்று மடித்துக் கட்டுவாள். கடைசியில் தட்டின் பலகை தெரிந்தது. எனக்கு அழுகையை விடக் கோபம்தான் வந்தது. மெஷின் மூடியை அடித்துச் சாத்தினேன்.

"அக்கா, அடுத்த கிழமை நான் வரல" என்றாள் அவள். "பஸ் காசுக்குக் கூட வேலை இல்லியே. அவருக்கும் துறைமுகத்துல வேலை குறைஞ்சு போச்சு. கங்காணி ஆள் அனுப்பிக் கேட்டாரு."

"எந்தக் கங்காணி?"

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். எனக்கு விளங்கிவிட்டது. போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன். போகாமல் எதைத் தின்கிறது என்று அவள் திருப்பிக் கேட்பாளே என்று நிறுத்திக்கொண்டேன்.

சில மாதம் போனது. ஒரு நாள் வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசையில் வாய்தவறிச் சொன்னார், அன்றைக்கு ஜப்பான் கப்பல் ஒன்றில் பீப்பாய் பீப்பாயாக மினிரன் ஏற்றினார்களாம்.

"அதுக்குக் கோட்டா இல்லையோ?" என்று கேட்டேன்.

"ஏற்றுமதிக்கு ஏன் கோட்டா? போறதுக்குத் தடை இல்லை, வாறதுக்குத்தான்."

சோற்றுக் கோப்பையை அவர் முன்னால் வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டேன். எங்கள் பெண்கள் நெஞ்சுக்குள் தூசியை இழுத்துத் தரம் பிரித்ததை ஜப்பானுக்கு விற்கலாம். அந்தக் காசுக்கு அவனிடம் ஒரு முழம் சீத்தை வாங்கக் கூடாது. விற்கிற கமிஷன் பழைய கைகளுக்குத்தானே போகிறது, அதில் சாம்ராச்சியத்துக்கு ஒரு வருத்தமும் இல்லை. கேடுகெட்டவர்கள்! அப்போது சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

அந்த நேரத்தில் கொள்ளுப்பிட்டியில் இருந்த ஒரு பெரிய வீட்டு அம்மா, பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு ஒரு வெள்ளை அங்கி தைக்கத் தந்தாள். நல்ல இங்கிலாந்து மஸ்லின். கீழ்க்கரை முழுக்கக் கைத்தையல் வேண்டும் என்றாள். அப்படித் தைக்க எனக்குத் தெரிந்த ஒருத்திதான் இருந்தாள். கூலியும் நல்ல கூலி. இதை வைத்துக் கொள்ளுப்பிட்டிப் பக்கம் இன்னும் நாலு வீடு பிடிக்கலாம், அவளைத் திரும்ப இழுத்துக்கொண்டு வரலாம் என்று கணக்குப் போட்டேன். துணியைக் கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் கோட்டை, அங்கிருந்து ட்ராம், விசாரித்து விசாரித்து அந்தக் கிடங்கின் வாசலுக்குப் போய் நின்றேன்.

வேலை விடுகிற மணி அடித்தது. பெண்கள் வெளியே வந்தார்கள். முகம், கழுத்து, சேலை, தலைமயிர், எல்லாம் ஒரே நிறம். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். என்னோடு ஒரு விறாந்தையில் இருந்து தைத்தவளை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பாதிப் பேர் போயும்விட்டார்கள்.

"அக்கா, நான்தான்" என்று எனக்கு முன்னால் நின்ற ஒருத்தி சொன்னாள்.

பொட்டலத்தை நீட்டினேன். அங்கி, கைத்தையல், கொள்ளுப்பிட்டி என்று என்னென்னவோ சொன்னேன். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"அதப் பிரிக்காதீங்கக்கா, தூசி படியும்."

"கொஞ்ச நாள் லீவு எடு. கை வெளுத்த பிறகு தை, நான் அந்த அம்மாவைப் பொறுக்கச் சொல்லுறன்."

"லீவு எடுத்தா என் இடத்துல வேற ஆள் வந்துடுவாங்க. வாசல்ல எத்தனை பேர் நிக்கிறாங்க, பாத்தீங்கதானே" என்றாள். பிறகு, நான் ஏதோ அவளைக் குற்றம் சொன்ன மாதிரி, "வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கு, இப்பதான் அடுப்பு எரியுதுக்கா" என்றாள்.

ட்ராம் நிற்கிற இடம் வரைக்கும் என்னோடு நடந்துவந்தாள். என் சேலையில் படக்கூடாது என்று வீதியின் மற்ற ஓரமாக நடந்தாள். கிட்ட வா என்று நான் கூப்பிட்டேன், அவள் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். நடுவால் வண்டிகள் போய்க்கொண்டிருந்ததால் ஒருவரோடு ஒருவர் கதைப்பதற்குச் சத்தம் போட வேண்டியிருந்தது. அந்த வீதியை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் போட்டவன் கொட்டாஞ்சேனையைக் கண்ணால் கண்டவன் அல்ல. அவன் லண்டனில் ஒரு கையெழுத்துப் போட்டான், போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பான்.